தெரியலண்ணே

நான் கபடி ஆடியவன் என்று சொன்னால், எங்கள் சபைக்குப் புதிதாக வருகிறவர்கள் என் வயிற்றைப் பார்த்துவிட்டு மரியாதைக்காகத் தலையாட்டுவார்கள். கோச்சடையில் ஒரு மாடி ஹாலில் ஞாயிற்றுக்கிழமை கூடுகிற சின்னச் சபை அது. நான்தான் போதகர். வாரத்தில் மூன்று நாள் ஓர் இறையியல் கல்லூரியில் தத்துவப் பாடமும் எடுக்கிறேன். இதெல்லாம் பிற்பாடு வந்தது. அதற்கு முன்னால் பத்து வருஷம் நான் ரைட் கார்னர். எதிரணியிலிருந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு பாடி வருகிறவனின் கணுக்காலைப் பிடித்து உட்கார வைப்பது என் வேலை. அதில் நான் கெட்டிக்காரன் என்று சொல்லிக்கொள்ள இப்போதும் எனக்குக் கூச்சம் கிடையாது.

அந்த நாளில் இன்னொன்றுக்கும் பேர் வாங்கியிருந்தேன். எங்கள் ஊர் மதுரைக்கு மேற்கே, வைகைக் கால்வாய் பாய்கிற பக்கம். அங்கே ஒன்று சாமி கும்பிடுவார்கள், இல்லையென்றால் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு சாமி இல்லை என்பார்கள். நான் இரண்டிலும் சேராதவன். சாமி உண்டா என்று கேட்டால் 'தெரியல' என்பேன். இல்லை என்கிறாயா என்றாலும் 'தெரியல' என்பேன். இதற்குப் புத்தகத்தில் அறியொணாவாதம் என்று நீளமாக ஒரு சொல் இருப்பது பின்னாளில்தான் தெரிந்தது. ஊரில் என்னை 'தெரியலைங்கிற பய' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கு உள்ளுக்குள் பெருமைதான். தெரியாததைத் தெரியும் என்று சொல்லாத ஒரே ஆள் நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கபடியில் இந்தப் பெருமைக்கு ஒரு வேலை இருந்தது. பாடி வருகிறவன் எதிராளியைத் தொட்டுவிட்டு மூச்சு விடாமல் தன் பக்கம் திரும்பிவிட்டால் புள்ளி. ஆனால் தொட்டானா இல்லையா என்பது பல நேரம் அம்பயர் கண்ணில் படாது. அப்போது எங்கள் பக்கத்து மைதானங்களில் ஒரு வழக்கம் உண்டு. தொடப்பட்டதாகச் சொல்லப்படுகிறவனைக் கூப்பிட்டு, கோயில் இருக்கிற திசையைப் பார்த்துக் கையை நீட்டி, படவில்லை என்று சத்தியம் செய்யச் சொல்வார்கள். முக்கால்வாசிப் பேர் கையை நீட்டமாட்டார்கள். முணுமுணுத்துக்கொண்டே வெளியே போய் உட்கார்ந்துவிடுவார்கள். கருப்பசாமியை வைத்துப் பொய் சொல்ல யாருக்குத் துணிச்சல்.

நான் மட்டும் சத்தியம் செய்யமாட்டேன். இருக்கிறாரா என்றே தெரியாதவர் மேல் எப்படிச் சத்தியம் செய்வது என்பேன். முதலில் அடிக்கத்தான் வந்தார்கள். பிறகு ஒரு லீக் ஆட்டத்தில் யாருமே பார்க்காத ஒரு தொடுதலை நானே ஒத்துக்கொண்டு வெளியேறினேன். எங்கள் அணியில் மூன்று நாள் என்னோடு யாரும் பேசவில்லை. ஆனால் அதிலிருந்து சுற்றுவட்டார அம்பயர்கள் எல்லோரும் என்னிடம் சத்தியம் கேட்பதை விட்டுவிட்டார்கள். 'பட்டுச்சா தம்பி?' என்று மட்டும் கேட்பார்கள். நான் சொல்வதுதான் தீர்ப்பு.

பிறகு ஒரு போட்டியின் ஃபைனல் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நடந்தது. ஓரத்தில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஓர் அரசுத் துறை அணிக்கு ஆள் எடுக்க வந்தவர்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒருவருக்கு வேலை உண்டு என்று பேச்சு. என் அப்பா அடுத்தவர் வயலில் நாற்று சுமந்தவர், அம்மா களையெடுத்தவர். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் மேசை போட்டு உட்கார்ந்து வேலை பார்த்ததில்லை. அந்த நாற்காலிகளை நான் ஆட்டம் முழுக்க ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே ஆடினேன்.

கடைசிப் பாட்டு. நாங்கள் ஒரு புள்ளி முன்னால். எதிரணியில் பாடி வந்தவர் அன்றைக்கு எங்களைப் பிரித்து மேய்ந்துகொண்டிருந்தவர். நெட்டையான ஆள், நீளக் கை. நாங்கள் அவரை வளைத்தோம், அவர் நழுவித் திரும்பினார். திரும்பும்போது இடது கையைப் பின்னால் வீசிவிட்டுப் போனார். என் வலது குதிகாலுக்கு மேலே அவருடைய விரல் உரசியது. லேசாகத்தான். ஆனால் பட்டது. கோட்டைத் தாண்டி நின்று, மூச்சை விட்டுவிட்டு, ஒற்றை விரலைத் தூக்கினார். "தொட்டேன்" என்றார்.

அது புள்ளியானால் ஆட்டம் சமன். கூடுதல் நேரம் ஆட எங்களிடம் தெம்பில்லை. அம்பயர் பார்க்கவில்லை. அவர்கள் பக்கத்திலிருந்து சத்தியம் பண்ணச் சொல்லுங்கள் என்று சத்தம் போட்டார்கள். அம்பயர் கையமர்த்தினார்.

"அவன் சத்தியம் பண்ண மாட்டான்யா. ஆனா பொய் சொல்ல மாட்டான். தம்பி, பட்டுச்சா?"

நான் அந்த நாற்காலிகளைப் பார்த்தேன்.

"தெரியலண்ணே" என்றேன்.

படவில்லை என்று சொல்லியிருந்தால் அது பொய் என்று எனக்கே உறைத்திருக்கும். அதனால் அதைச் சொல்லவில்லை. என்னுடைய நாணயமான சொல் ஒன்று கையில் இருந்தது, அதற்குள் போய் ஒளிந்துகொண்டேன். அம்பயர் புள்ளி இல்லை என்று விசில் ஊதினார். எங்கள் ஆட்கள் என்னைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். தூக்கிய உயரத்திலிருந்து பார்த்தேன். பாடி வந்தவர் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று தன் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலை எனக்குக் கிடைத்தது. படாததற்குக் கை தூக்குகிறவன் வேண்டாம் என்று நாற்காலியில் இருந்த ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அடுத்த சீசனில் அந்த நெட்டை ஆள் ஆட வரவில்லை.

மூன்றாவது வருஷம் என் முட்டி போனது. ஆபரேஷன் செய்தார்கள். அதற்குப் பிறகு நான் அலுவலகத்தில் ஃபைல் தள்ளுகிற ஆளானேன். மத்தியானத்துக்கு மேல் வேலை இருக்காது. பொழுது போகாமல் தபால் வழியில் தத்துவம் எம்.ஏ. சேர்ந்தேன். 'தெரியல' என்ற என் கட்சிக்கு ஆதாரம் சேர்க்கலாம் என்றுதான் சேர்ந்தேன். காளவாசலில் ஒரு செருப்புக் கடைக்கு மேலே சனிக்கிழமைதோறும் கிறிஸ்தவர்கள் சிலர் கூடிப் படிக்கிறார்கள், யார் வேண்டுமானாலும் போய்ச் சண்டை போடலாம் என்று கூடப் படித்த ஒருவர் சொன்னார். சண்டை என்றதும் போனேன்.

பத்துப் பதினைந்து பேர் இருப்பார்கள். கீழே பஸ் ஹாரன் சத்தத்தில் பாதிப் பேச்சு காதில் விழாது. நான் மாதக்கணக்கில் எல்லோரையும் மடக்கிக்கொண்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை, அதுவரை அதிகம் பேசாத ஒரு பள்ளி ஆசிரியை என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"நீங்க தெரியலன்னு சொல்றது தெரியாததாலயா? இல்ல, தெரிஞ்சிருச்சுன்னா ஏதாவது செய்யணுமேன்னா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆசிரியைகளுக்கே உரிய கேள்வி என்று ஏதோ சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன். மூன்று வாரம் அந்தப் பக்கம் போகவில்லை. அவளுக்குக் கபடியும் தெரியாது, ஃபைனலும் தெரியாது. கடவுளைப் பற்றித்தான் கேட்டாள். எனக்கோ குதிகால் ஞாபகம் வந்துவிட்டது. பின்னாளில் என்னைக் கட்டிக்கொண்டதும் அவள்தான், அதனால் அந்தக் கேள்வியிலிருந்து இன்றுவரை எனக்கு விடுதலை கிடைக்கவில்லை.

அந்த மூன்று வாரத்தில் நான் யோசித்தது இதுதான். அந்தத் தொடுதலை யாரும் பார்க்கவில்லை. அம்பயர் தீர்ப்புச் சொல்லியாகிவிட்டது. கோப்பை எங்கள் ஊரில் ஒரு கடையின் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. நான் வாயைத் திறக்காமல் செத்துப்போனால், பட்டது என்பதற்கு உலகத்தில் ஒரு சாட்சியும் கிடையாது. ஆனாலும் பட்டது பட்டதுதான். நான் செத்தாலும் அது படாததாக ஆகிவிடாது. அப்படியானால் அந்த உண்மை எங்கே இருக்கிறது? யாருக்கு அது உண்மை? யாருமே அறியாத ஓர் உண்மை என்றால் என்ன அர்த்தம்? சுற்றிச் சுற்றி வந்தும், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிற ஒருவர் இல்லாமல் என்னால் அந்தக் கேள்வியை முடிக்க முடியவில்லை.

இதை நிரூபணம் என்று சொல்லமாட்டேன். இன்று வகுப்பில் இதே வாதத்தைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு, எங்கே ஓட்டை என்று மாணவர்களைக் கேட்கிறேன். நாலைந்து ஓட்டைகளைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். கெட்டிக்காரர்கள். ஆனால் எனக்கு அன்று வாதம் ஜெயித்ததாக நினைவில்லை. பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் முன்னால் நின்றதாகத்தான் நினைவு. பயமாக இருந்தது. விநோதமாக, ஆறுதலாகவும் இருந்தது. அவர் என்னைப் போட்டுக்கொடுக்காமல் இத்தனை நாள் பொறுத்திருக்கிறார் என்று தோன்றியபோது, அலுவலக மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன்.

ஞானஸ்நானம் எடுத்தேன். வேலையை விட்டேன். இறையியல் கல்லூரியில் சேர்ந்தேன். அழைப்பு வந்தது என்று எல்லோரிடமும் சொன்னேன். வந்தது நிஜம். அலுவலகத்தில் அந்த நாற்காலியில் அதற்கு மேல் உட்கார முடியவில்லை என்பதும் நிஜம், அதைத்தான் சொல்லவில்லை. அம்மாதான் கேட்டாள்.

"சாமி இருக்காடான்னா தெரியலம்ப. இப்ப அந்தச் சாமிக்கே வேலைக்குப் போறேங்கிற. அது யாருன்னு வெசாரிச்சயா?"

அம்மா இன்றைக்கும் தன் கோயிலுக்குத்தான் போகிறாள். திருநீறு பூசிக்கொண்டு வந்து எங்கள் ஹாலின் கடைசி வரிசையில் உட்கார்ந்து நான் பேசுவதைக் கேட்பாள். ரொம்ப நீட்டினால் எழுந்து போய்விடுவாள்.

இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்கு அசிங்கமானது. அந்த ஃபைனல் கதையை நான் பிரசங்கத்தில் சொல்ல ஆரம்பித்தேன். பாவத்தை அறிக்கையிடுதல் பற்றிப் பேச அதைவிட நல்ல கதை எனக்கு எங்கே கிடைக்கும். நன்றாகச் சொல்வேன். எங்கே நிறுத்த வேண்டும், எந்த இடத்தில் குரலைத் தாழ்த்த வேண்டும் என்று பழகிவிட்டது. 'தெரியலண்ணே' என்ற இடம் வந்ததும் ஹாலில் ஊசி விழுந்தால் கேட்கும். வேறு சபைகளில் கூப்பிட்டும் சொல்லியிருக்கிறேன். முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து என் கையைப் பிடித்துக்கொள்வார்கள். கடவுளிடம் சொல்லியாயிற்று, சபையிடமும் சொல்லியாயிற்று, பாவம் கழிந்தது என்று நானும் வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிடுவேன்.

என் மனைவி மட்டும் ஒருமுறை சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். "ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு. அவருகிட்ட எப்பச் சொல்லப் போறீங்க?"

ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறேன் என்றேன். தேடவில்லை.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்தப் பிரசங்கம் முடிந்ததும் எங்கள் சபையில் பூக்கட்டி விற்கிற அம்மா ஒருவர் படியில் காத்திருந்தார்.

"பாஸ்டர், அந்தக் கை தூக்குனவரு எனக்குத் தெரிஞ்சவரு போல இருக்கே. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல நான் மல்லி எடுக்கிற கடைக்காரரு. நெட்டையா இருப்பாரு. கபடி ஆடுனவருதான். அவர எல்லாரும் 'தொட்டேன்'னுதான் கூப்பிடுவாய்ங்க. தொட்டேன் கடைன்னு கேட்டாத்தான் வழியே சொல்லுவாய்ங்க. ஏன் அந்தப் பேருன்னு இன்னைக்குத்தான் எனக்கு வெளங்குச்சு."

"அவரு கோவிச்சுக்க மாட்டாரா?" என்றேன்.

"பழகிப்போச்சு போல. சிரிச்சுக்குவாரு."

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் கழிந்துவிட்டதாக நினைத்த ஒரு சாயங்காலத்தை அந்த மனிதர் பேராகவே சுமந்துகொண்டு திரிந்திருக்கிறார். அதையும் நான் நாலு சபைகளில் சொல்லிக் கைகுலுக்கல் வாங்கியிருக்கிறேன்.

உடனே ஓடிவிடவில்லை. ஒரு மாதம் இழுத்தேன். ஒருநாள் மார்க்கெட் வரைக்கும் போய், அவர் கடை தெரிகிற தூரத்தில் நின்று, வேறொரு கடையில் செவ்வந்தி வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன். என் மனைவி அந்தப் பையை வாங்கிப் பார்த்துவிட்டு, செவ்வந்தியை ஒரு சொம்பில் போட்டு என் சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரே வைத்தாள். அடுத்த வாரம் மறுபடி போனேன். வியாபாரம் தணிந்த முன்பகல். தரையெல்லாம் நசுங்கிய பூவும் தண்ணீருமாக இருந்தது. ஈரச் சாக்கை விலக்கி மல்லியை அள்ளித் தராசில் போட்டுக்கொண்டிருந்தார். முன்நெற்றி வழுக்கை விழுந்திருந்தது. கை அதே நீளம்.

"வாங்கண்ணே, என்ன பூ வேணும்?"

"பூவுக்கு வரலண்ணே. நான்… கார்னரு. அந்தப் பள்ளிக்கூட கிரவுண்டு ஃபைனல்ல."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. முதலில் என் காலைத்தான் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"ஒடம்பு போட்டுட்டீங்க. ஊழியம் பண்றீங்களாம்ல, பூக்கார அக்கா அத மட்டும் சொன்னாங்க. உக்காருங்க, டீ சொல்றேன்."

டீ வந்துவிட்டால் சொல்லமாட்டேன் என்று தெரிந்தது. நின்றபடியே சொன்னேன்.

"அன்னைக்குப் பட்டுச்சுண்ணே."

"எது?"

"கடைசிப் பாட்டுல. உங்க கை என் கால்ல பட்டுச்சு. எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சுக்கிட்டேதான் தெரியலன்னு சொன்னேன்."

அவர் கையிலிருந்த பூவைச் சாக்கிலேயே போட்டுவிட்டார்.

"எந்தக் காலு?"

"வலது. குதிகாலுக்கு மேல."

"எந்தக் கையி?"

"இடது கை. திரும்பிப் போகும்போது பின்னாடி வீசுனீங்கல்ல, அப்ப."

இடது கையை விரித்துப் பார்த்தார். அன்று கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்த மாதிரியேதான். அவருக்குக் கிடைக்காமல் போன வேலையைப் பற்றிக் கேட்பார் என்று நான் பதில் தயாரித்து வைத்திருந்தேன். அதை அவர் எடுக்கவே இல்லை.

"படலைன்னே நான் முடிவு பண்ணிட்டேண்ணே" என்றார். "மொத ரெண்டு வருசம் எல்லாருகிட்டயும் சண்டை போட்டேன், பட்டுச்சுடா பட்டுச்சுடான்னு. அம்புட்டுப் பேரும் இல்லைன்னா என்ன செய்யிறது? அதுலயும் நீங்க பொய்யே சொல்லாத ஆளுன்னாய்ங்க. அப்ப எனக்குத்தான் பட்ட மாதிரி தோணிருக்குன்னு நெனச்சுக்கிட்டேன். அதுக்கப்புறம் எதுலயும் என்மேல எனக்கு நம்பிக்கை இல்லண்ணே. கடையப் பூட்டிட்டுப் போயி, பூட்டுனமான்னு பாதி ரோட்டுல இருந்து திரும்பி வருவேன். நிறுத்த பூவ ரெண்டாவது தடவ நிறுப்பேன். எம் பொண்டாட்டி ஏசுவா, ஒனக்கு என்னாச்சுன்னு."

நான் திருடியது ஒரு புள்ளியை, மிஞ்சினால் ஒரு வேலையை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தன் விரல் சொல்வதை நம்புகிற தைரியத்தையே அந்த மனிதரிடமிருந்து எடுத்துவிட்டிருக்கிறேன். தெரிந்ததைத் தெரியாது என்று நான் சொன்னதில், அவருக்குத் தெரிந்தது தெரியாததாகிவிட்டது.

அவர் எதிர்க் கடையைப் பார்த்துக் கூப்பிட்டார். "மாப்ள, இங்க வா. டேய், நீயும் வா." இரண்டு பேர் வந்தார்கள். "அண்ணே, எங்கிட்டச் சொன்னத இவிங்ககிட்டச் சொல்லுங்க."

சொன்னேன். பக்கத்தில் சம்பங்கி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார்கள், யாரோ விலை கூவிக்கொண்டிருந்தார். "என்னாண்ணே, கேக்கல" என்றார்கள். ஹாலில் நான் குரலைத் தாழ்த்துகிற அதே இடத்தை அங்கே கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. பட்டது, எனக்குத் தெரியும், பொய் சொன்னேன். இந்த மூன்றுக்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. நாலு சபைகளில் முக்கால் மணி நேரம் என்னதான் சொன்னேனோ.

எதிர்க் கடைக்காரர் அவரைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப நெசமாவே தொட்டியாடா?"

"தொட்டேன்னுதானடா அன்னையிலருந்து சொல்றேன்" என்றார் அவர். சிரிக்கத்தான் செய்தார். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, துடைத்து முடித்தபின்னும் துண்டை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

அவர்கள் போனதும் சொன்னேன். "என்னை மன்னிச்சிருங்கண்ணே."

அவர் பதில் சொல்வதற்குள் ஒரு பெண் மல்லி கேட்டு வந்தார். இவர் அள்ளிப் போட்டு நிறுத்தார். தராசு முள்ளைப் பார்த்தார். பூவைக் கொட்டிவிட்டு இரண்டாவது தடவையும் நிறுத்தார். பொட்டலத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டு, சாக்கின் மேல் தண்ணீர் தெளித்தார். நான் காத்திருந்தேன். மன்னிப்பைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்கத் தெரியும், அதன் வகைகளைக் கரும்பலகையில் எழுதத் தெரியும். அந்த இடத்தில் ஒன்றும் உதவவில்லை.

கடைசியில் அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"தெரியலண்ணே" என்றார்.

அவர் முகத்தைப் பார்த்தேன். அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை.